அங்கே இருந்தது பொட்டல் அல்ல, ஏரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், 28.45 கோடி ரூபாய் செலவு, 2023 மே மாதம் திறப்பு, எல்லாம் சரி. நூறு வருடத்துக்கு முன்னால் தி.நகர் வெறும் பொட்டலாகக் கிடந்தது என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொட்டலா? ஏரி ஐயா, ஏரி! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றே எழுதிவைத்தார்கள். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், அதைத் தூர்த்து மனை பிரித்து, சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகரை உண்டாக்கினார்கள். எங்கள் மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பதே ஏரி இருந்த இடத்தில்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள்?

2021 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, நடக்க முடியாத மாமியாரைத் தூக்கிக்கொண்டு போய் மாடிவீட்டில் விட்டோம். அப்போதும் பத்திரிகைகள் ‘எதிர்பாராத வெள்ளம்’ என்றே எழுதின. ஏரியைத் தூர்த்த இடத்தில் தண்ணீர் நின்றால் அதில் எதிர்பாராதது என்ன? சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவதைப் பற்றி முன்பு உங்களுக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், ரயில் பாதைக்கு மேற்கே மனிதர்கள் வசிப்பதே உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. நகையும் புடவையும் வாங்க வருகிறவர்களுக்காகவே பாலம் கட்டியதுபோல எழுதியிருக்கிறார். தினம் அதில் நடந்துபோய் பஸ் பிடிப்பது நாங்கள். தீபாவளி சமயத்தில் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ரங்கநாதன் தெரு நெரிசலில் பஸ்ஸுக்கு ஓடியவள் நான். இந்தப் பாலம் வந்தபோது எங்களைவிட யார் அதிகமாகச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏரியைப் பற்றியும் சொல்லியிருப்போம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், சிறிய எழுத்தில் என்றாலும் பரவாயில்லை. பாலத்தின் இரண்டு முனையிலும், இந்த ஊர் ஏரியைத் தூர்த்து உண்டானது என்று ஒரு பலகை வைக்கச் சொல்லியும் எழுதுங்கள். நாங்கள் மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் எழுதினால் செய்வார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை