டேபிள் என்று ஒரு வார்த்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. அதற்கப்புறம் எனக்கும் தூக்கம் வரவில்லை.

மீட்டிங்கில் 'இதை டேபிள் பண்ணலாம்' என்று நீ சொன்னது, இப்போதே எடுத்துப் பேசலாம் என்ற அர்த்தத்தில். நாடாளுமன்றத்தில் அறிக்கையை டேபிள் செய்தார்கள் என்று பேப்பரில் படித்து வளர்ந்தவள் வேறெப்படிச் சொல்வாய்? அமெரிக்காவில் அதற்கு ஒத்திவைப்பது என்று அர்த்தமாம். நீயே உன் வேலையைத் தள்ளிப்போட்டதாக நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டார்கள். உன் இங்கிலீஷில் தப்பில்லை அம்மா. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் இதே வார்த்தைக்காக வெகுநேரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான். சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

இரண்டாம் வகுப்பில் நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறதா? கொக்கு மாதிரி ஒரு பறவை, கீழே 'கிரேன்' என்று போட்டிருந்தது. "அப்பா, நீ ஓட்டுறதும் கிரேன்தானே?" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. ராயபுரம் வீட்டு மொட்டைமாடிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். ஹார்பர் பக்கம் கிரேன்கள் கழுத்தை நீட்டி நின்றன. நீதான் முதலில் கைகாட்டி, "கொக்கு!" என்று கத்தினாய். அந்தப் பறவையைப் பார்த்துத்தான் மெஷினுக்குப் பெயரே வைத்தார்களாம், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கப்பல் நிற்கிற டாக்கும் கோர்ட்டில் குற்றவாளி நிற்கிற டாக்கும் அப்படியில்லை, உறவே இல்லாத இரண்டு வார்த்தைகள். கோர்ட் டாக் கூண்டு என்ற சொல்லிலிருந்து வந்தது.

உன் படிப்புக்கு லோன் சாங்ஷன் ஆன அன்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தோம். அதே சாங்ஷனை ஒரு நாட்டின் மேல் போட்டால் தண்டனை.

நம் தமிழில் மட்டும் என்ன? படியில் அரிசி அளந்தபடியே அம்மா, "வாசப்படியில உக்காந்து படி" என்பாள். நீ ஒருநாளும் குழம்பியதில்லை. அந்த வீட்டுப் பேச்சு உனக்குப் பழக்கம். அந்த ஊர்ப் பேச்சும் பழகும், கொஞ்ச நாள் ஆகும்.

திங்கட்கிழமை மறுபடியும் பேச்சை எடு. டேபிள் வேண்டாம், 'இன்றைக்கே பேசவேண்டும்' என்று நேராகச் சொல்லிவிடு. முடிந்ததும் போன் பண்ணு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா