கூண்டு வைங்க, குப்பைய நிறுத்துங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

கோவைக்கு மேக்கால தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் காட்டுப்பன்னி தொல்லை தாங்க முடியலங்க, மக்காச்சோளத்த ஒரே ராத்திரில சாச்சுப் போட்டுட்டு வாழைக்கன்னு கிழங்கையும் நோண்டிட்டு போயிடுது, வேலி சுத்தி பழைய சேலை கட்டியும் பயப்பட மாட்டேங்குது. 2025 ஜனவரில வந்த அரசு உத்தரவுப்படி காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, 1ல இருந்து 3 வரைக்கும் புடிச்சு காட்டுல விடணும், அதுக்கு அப்பால வனத்துறை சுடலாம். எங்க பக்கம் நெறைய தோட்டம் அந்த நடுப்பகுதிலதான் வருது, அப்ப கூண்டுதானங்க வழி, அத சீக்கிரம் வைக்கணும். லேட்டாக லேட்டாக சிலபேரு பன்னிக்குன்னு அவுட்டுக்காய் (தீனிக்குள்ள மறைச்சு வைக்கிற நாட்டு வெடி) வைக்கிறாங்க, அத கடிச்சு வாய் கிழிஞ்சு தின்ன முடியாம யானை சாகுது, ரொம்ப கொடுமைங்க. கல்யாண மண்டபத்து எச்சி இலைய பள்ளத்துல கொட்டறதயும் ஊராட்சி நிறுத்தணும், பன்னி ஊருக்குள்ள வர்றதே அதுக்குத்தான்.

ஒரு விவசாயி, கோவை