6, 6, 6 இருசமபக்கம் இல்லையா? வினாத்தாள் தயாரிக்கும் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன வாரம் கணக்குத் தாளோடு வந்து நின்றாள். "6 செ.மீ., 6 செ.மீ., 6 செ.மீ. பக்கங்கள் கொண்டது இருசமபக்க முக்கோணம். சரியா, தவறா?" என்பது கேள்வி. 'சரி' என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி. "ரெண்டு பக்கம் சமமாத்தானேப்பா இருக்கு?" என்கிறாள். மூன்றாவதும் சமமாகிவிட்டால் முதல் இரண்டும் சமமில்லாமல் போய்விடுமா என்ன?

திருத்தியவரைக் குறை சொல்லவில்லை. பழங்கால கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடே இருசமபக்கம் என்றால் இரண்டு பக்கங்கள் மட்டும் சமம் என்றுதான் வரையறுத்தார். அவர் கணக்கில் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் மூன்றும் தனித்தனி. இன்று கணிதத்தில் பெரும்பாலும் 'குறைந்தது இரண்டு' என்று கொள்கிறார்கள். அப்போது சமபக்கம் இருசமபக்கத்துக்குள் அடங்கிவிடும். என் கட்சி இதுதான். சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்று இருசமபக்கத்துக்கு ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். அதையே சமபக்கத்துக்கு இரண்டு தடவை போட்டால் மூன்று கோணமும் சமம், ஆளுக்கு 60° என்று வந்துவிடும். சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, முக்கோணத்தில் மட்டும் கறாராக இருப்பானேன்?

யூக்ளிட் வழியே போவதானாலும் சரி. 'மட்டும்' என்றோ 'குறைந்தது' என்றோ வரையறையைத் தாளிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அதே தாளில் இன்னொரு கேள்வி: 3, 4, 8 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணம் எந்த வகை? நான் விளக்குமாற்றில் மூன்று ஈர்க்குச்சி உருவி, அளந்து நறுக்கினேன். எட்டைத் தரையில் கிடத்தி, ஒரு முனையில் மூன்றையும் மறுமுனையில் நான்கையும் வைத்தோம். இரண்டையும் முழுசாகப் படுக்க வைத்தாலும் நடுவே 1 செ.மீ. இடைவெளி. சிறிய இரண்டின் கூட்டல் பெரியதைத் தாண்டவில்லை என்றால் முக்கோணமே கிடையாது. அப்புறம் வகை எங்கிருந்து வரும்? மகள் 'அசமபக்கம்' என்று எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண்!

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருசமபக்கம் என்றாலே கூரை மாதிரி நிமிர்த்தியே வரைகிறீர்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் இரண்டு மூலைமட்டங்களில் எது இருசமபக்கம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 45° மட்டத்தை என் மகளுக்கே உடனே காட்டத் தெரியவில்லை.

போன ஒரு மார்க்குக்காக இதை எழுதவில்லை. 3, 4, 8-க்குப் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை