நகைத்தட்டு காய நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் காற்றில் உலரும் களிமண்ணைக் கொண்டு நகைத்தட்டு செய்யும் முறை வெளியாகியிருந்தது. கைவேலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கைவேலை சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. ஆனால் மண்ணைத் தேய்ப்பதற்கும் வண்ணம் பூசுவதற்கும் பத்தி பத்தியாக எழுதியவர்கள், காயவைப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். தட்டு நிற்பதும் உடைவதும் அங்கேதான் முடிவாகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு ஆசையோடு செய்து பார்ப்பவர்கள், விளிம்பு வெடித்த தட்டை என்னிடம் கொண்டுவந்து, “டீச்சர், என் கைக்கு இது வராது” என்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை. காயும்போது மண்ணுக்கு என்ன ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஈரமண்ணில் இருக்கும் நீர் வெளியேற வெளியேற மண் சுருங்கும். மேல்பரப்பும் விளிம்பும் முதலில் காய்ந்து சுருங்கிவிடும். உள்பகுதி இன்னும் ஈரமாக, சுருங்காமல் இருக்கும். இந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. ஆகவே சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதும், மின்விசிறிக்கு நேரே வைப்பதும், முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை அடிப்பதும் தட்டைக் கெடுக்கிற வேலைகள். நிழலில், காற்று ஓரளவு நடமாடும் இடத்தில் வைத்தால் போதும். முதல் நாள் விளிம்பின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போட்டு வைப்பது எனக்குப் பிடித்த வழி. விளிம்பும் நடுவும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காயும்.

தடிமன் சீராக இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. சுமார் 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு மரச்சட்டங்களை மண்ணின் இருபுறமும் வைத்து, அவற்றின்மேல் உருளை ஓடும்படி தேய்த்தால் ஓரிடம் கனம், ஓரிடம் மெலிவு என்று வராது. அப்புறம் கிண்ணம். உங்கள் படத்தில் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் மண்ணைப் போர்த்தியிருந்தார்கள். அப்படியே முழுவதும் காயவிட்டால், சுருங்கும் மண் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துப் பிளந்துவிடும். கிண்ணத்தின் உட்புறம் பிளாஸ்டிக் தாள் விரித்து அதற்குள் மண்ணைப் படியவைப்பதே நல்லது. சுருங்கும்போது மண் தானாகவே கிண்ணத்தை விட்டு விலகிக்கொள்ளும். வடிவம் நிற்கும் அளவுக்கு இறுகியதும் வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் காயவே காயாது.

விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தடவி மழமழப்பாக்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. ஈரம் கூடினால் சுருக்கமும் கூடும். மேலே நூல் நூலாகக் கீறல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். விரல் சற்றே நனைந்திருந்தால் போதும்; மீதி மேடுபள்ளத்தைக் காய்ந்த பின் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். (தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.) சிறு வெடிப்பு வந்தாலும் தட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதே மண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாக்கி, வெடிப்புக்குள் அழுத்தி நிரப்பி, மறுபடியும் காயவிட்டுத் தேய்த்தால் வண்ணத்துக்குக் கீழே தெரியாது.

சரி, காய எத்தனை நேரம்? தடிமனையும் காற்றின் ஈரப்பதத்தையும் பொறுத்து 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆகலாம். மழைக்காலத்தில் அதற்கும் மேலே போகும். கடிகாரத்தைவிடக் கன்னத்தை நம்பலாம். தட்டின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிறமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளிறியிருக்க வேண்டும். அதற்கு முன்பே அக்ரிலிக் வண்ணமும் வார்னிஷும் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பிறகு பூச்சு உரியும், பூஞ்சையும் பிடிக்கும். அந்தத் தட்டில் வெள்ளிக் கொலுசையோ மோதிரத்தையோ வைப்பது நகைக்கும் நல்லதல்ல, ஈரம் வெள்ளியை வேகமாகக் கறுக்கவைக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்தக் கட்டுரையில் விட்டுப்போனது. இந்த மண் சுட்ட மண் அல்ல. சூளையில் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூட்டில், மண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது மறுபடி தண்ணீரில் கரையாது. காற்றில் உலரும் களிமண்ணிலோ சாதாரண ஈரம் மட்டுமே போகிறது. தண்ணீரில் ஊறினால் திரும்ப இளகும். வார்னிஷ் இரண்டு பூச்சு, அடிப்பக்கம் உட்பட, பூசினாலும் அது தெறிக்கும் துளிகளுக்குத்தான் தாங்கும். எனவே இந்தத் தட்டில் தின்பண்டம் வைக்கக் கூடாது, கழுவக் கூடாது, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைக்கக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பாலிமர் கிளே என்பது வேறு பொருள். அது ஓவன் எனப்படும் மின்அடுப்பில் சுட்டு இறுகுவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காற்றில் உலரும் மண்ணை ஓவனில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் எந்த மண் என்பதைத் தலைப்புக்குக் கீழேயே தெளிவாகப் போட்டுவிடுங்கள்.

இடம் இல்லை என்றால் ஒரு படத்தைக் குறைத்துக்கொள்ளலாமே. காயும் நேரமும், உணவுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

அடுத்து, நடுவில் மோதிரம் மாட்டும் கூம்பு வைத்த தட்டைப் பற்றி எழுதுவதாக இருந்தால் ஒன்று. கூம்பின் அடியிலும் தட்டிலும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இரண்டிலும் மண்குழம்பு தடவி, இரண்டும் ஈரமாக இருக்கும்போதே அழுத்தி ஒட்ட வேண்டும். காய்ந்த தட்டின்மேல் ஈரக்கூம்பை வைத்தால் கூம்பு மட்டும் சுருங்கிக் கழன்றுவிடும். இதை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கைவேலை ஆசிரியை ஒருவர்