காட்டுச் செடி எங்கள் கடையில் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து கடையில் சில மாற்றங்கள் வருகின்றன. விலைப் பலகையைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்வதை விட நாங்களே முன்கூட்டிச் சொல்வதுதான் முறை. அதோடு, கொஞ்ச நாளாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் போட்டோவைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

முதலில் போட்டோ. நம் கடையின் முன் தட்டில் இருந்த ஒரு செடியைப் படம் பிடித்து, "வனராஜாவைக் காட்டிலிருந்து பிடுங்கி ஹட்டன் டவுனில் விற்கிறார்கள்" என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். கேள்விப்படாதவர்களே இல்லை என்கிற அளவுக்கு அது பரவிவிட்டது. கடை தொடங்கிய காலத்திலிருந்து வரும் ஓர் அம்மா கோல் எடுத்து, "உண்மையா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மற்ற எந்தப் பேச்சையும் விட அந்தக் கேள்விதான் எங்களுக்கு வலித்தது.

வனராஜா என்பது நம் காட்டில் வளரும் ஓர் ஓர்க்கிட். படத்தில் இருப்பது அதுவல்ல, லுடீசியா என்ற வீட்டுச் செடி. வனராஜாவும் அதுவும் ஓர்க்கிட் குடும்பம்தான். இரண்டுக்கும் பூவை விட இலைதான் அழகு, இரண்டின் இலையும் வெல்வெட் துணி மாதிரி கருமை கலந்த சிவப்பு. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் குழம்பலாம். கிட்டப் போய் இலையைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். லுடீசியாவில் இளஞ்சிவப்புக் கோடுகள் இலைக்காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும். வனராஜாவில் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இலை முழுக்க மின்னும். லுடீசியாவின் சொந்த இடம் தென்சீனாவும் தென்கிழக்காசியாவும். பல நாடுகளில் அதை வீட்டுக்குள் வளர்க்கிறார்கள், ஏனென்றால் அது சுலபமாகப் பெருகும். தண்டைக் கணுவோடு வெட்டி ஈரத் தென்னந்தும்பில் வைத்தால் வேர்விட்டுவிடும். நம் கடையில் இதுவரை விற்ற லுடீசியா எல்லாம் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை. அந்தத் தாய்ச்செடி இப்போதும் பின்கட்டில் நிற்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

வனராஜா நம் ஈரக்காடுகளில், மர நிழலில், இலைச் சருகுக்கிடையில் வளர்கிற செடி. ஓர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைப்பதற்கான உணவு அதற்குள் இல்லை. மண்ணில் இருக்கும் பூஞ்சணம் ஊட்டினால்தான் அது முளைக்கும். ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வருவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. பிடுங்கிக் கொண்டுவந்ததும் வீட்டு வரவேற்பறையில் பெரும்பாலும் அழுகித்தான் போகும். ஒதுக்குக் காட்டிலிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. "எவ்வளவு என்றாலும் தாறோம், ஒன்று எடுத்துத் தாங்க" என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கடை இது.

அந்தப் போட்டோவின் கீழே இன்னொருவர், மொன்ஸ்டெராவுக்கு நாங்கள் கொடுக்கும் கம்பில் காட்டுப் பாசி சுற்றியிருப்பதாக எழுதியிருக்கிறார். அதுவும் சரியில்லை. மொன்ஸ்டெரா மெக்சிகோவிலிருந்து பனாமா வரையான காடுகளில் மரத்தில் ஏறி வளரும் கொடி. பிடித்து ஏற ஏதாவது இருந்தால்தான் இலை பெரிதாகி, நீங்கள் ஆசைப்படும் ஓட்டைகளும் வெட்டுகளும் நன்றாக விழும். அதற்காகத்தான் கம்பு. நாங்கள் அதில் சுற்றுவது தென்னந்தும்பு, அதைக் குருநாகல் பக்கத்திலிருந்து காசு கொடுத்து எடுக்கிறோம். நம் மலைக்காட்டுப் பாசி மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பீலியில் தண்ணீர் வந்தது அந்த மேல்காட்டு ஊற்றிலிருந்துதான். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அந்தப் பாசியை உரித்து விற்போம் என்று ஒருவர் நினைத்ததையே எங்களால் தாங்க முடியவில்லை.

செடிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். முக்கால்வாசி நாங்களே வெட்டி வைப்பவை. எங்களோடு இவ்வளவு காலம் இருந்த அக்கா முன்பு தோட்டத்துத் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர். ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் நட்டு, நிழல் வலைக்குக் கீழே வைத்துத்தான் வீ.பி. என்ற, விதையில்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் தேயிலைக் கன்று எடுப்பார்கள். மணி பிளான்ட்டுக்கும் அதே கணுக் கணக்குத்தான். மஞ்சள் விளிம்புள்ள பாம்புச் செடியை மட்டும் இலை வெட்டி வைக்கக் கூடாது, வருகிற கன்றில் மஞ்சள் போய்விடும், கிழங்கைப் பிரித்துத்தான் நடவேண்டும் என்பார். இசட்இசட் செடியை இலையிலிருந்து எடுத்தால் அது விற்கும் அளவுக்கு வர ஒரு வருடத்துக்கும் மேல் பிடிக்கும். அதன் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அந்த அக்கா இப்போது பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். நல்லபடி இருக்கட்டும். அவர் கைக்கு ஈடான கை கிடைக்கும்வரை புதுச் செடிகள் முன்பு போல வாராவாரம் வராது.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது பூச்சாடியும் உரமும் ஏறின, பிறகு முழுதாக இறங்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். தேங்காய் விலை ஏறிய பிறகு எங்களுக்கு வரும் தும்பும் ஏறிவிட்டது. இவ்வளவு காலம் நாங்கள் தாங்கியது கொஞ்சமில்லை. இனிச் சாடிச் செடிகளுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். முன்பதிவு செய்தவர்களுக்கும் அதே விலைதான், பஸ் பார்சல் இப்போதைக்கு இல்லை.

உங்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. 2020 ஊரடங்குக்கு முன் எங்களிடம் ரோஜாவும் அந்தூரியமும்தான் ஓடும், அதுவும் முற்றத்துக்கு. வீட்டுக்குள் செடியா என்று கேட்ட ஊர் இது. இன்றைக்கு வங்கியில் வேலை செய்பவரும் கேட்கிறார், பாடசாலை ஆசிரியையும் கேட்கிறார், லயத்து ஜன்னலில் பால்மா டின்னில் மணி பிளான்ட் படர்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டிலும் ஒரு செடிக்கு இடம் ஒதுக்குகிறார்கள். இதைப் பார்க்கத்தான் இந்தக் கடையை வைத்திருக்கிறோம். 2025 நவம்பரில் டித்வா புயலில் பாதைகள் மண்சரிவில் அறுந்து கிடந்தபோது, செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "நீங்கள் எல்லாரும் சுகமா?" என்று கோல் எடுத்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அதை நாங்கள் மறக்கவில்லை.

அந்தப் போட்டோவை அனுப்பியவர் யாரென்று தேடப்போவதில்லை. அவருக்கும் காட்டின் மேல் அக்கறை இருப்பதால்தான் எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் உங்கள் குழுவில் அது மறுபடி வந்தால், தயவுசெய்து இந்த மடலையும் அதன் கீழே போட்டுவிடுங்கள். பின்கட்டு கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் திறந்திருக்கும். தாய்ச்செடிகளையும் வெட்டி வைத்த உறைகளையும் நேரில் காட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இனிக் கடை மதியத்தோடு பூட்டப்படும்.

அன்புடன்,
உங்கள் செடிக்கடை
ஹட்டன்