குழந்தைகள் காப்பக உரிமத்தைப் புதுப்பித்துத் தரக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே அளித்த இரண்டு மனுக்கள்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ரேஷன் கடைத் தெருவில் 22 குழந்தைகளை வைத்துக் காப்பகம் நடத்துகிறேன். சென்ற மழையில் தாங்கள் தண்ணீரில் இறங்கிப் பார்த்த அதே தெருதான்.

1. கெடுபிடியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தவர்கள் நாம். எங்கள் கட்டடத்தில் கீற்று ஒன்றுகூடக் கிடையாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றார்கள், மாற்றிவிட்டேன்.

2. கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று நான்கும் ஒருசேர உயிரோடு இருந்தால்தான் கோப்பு நகருமாம். ஜூனில் சுகாதாரச் சான்று வாங்கினேன். தீயணைப்பில் கட்டட உரிமத்தைக் கேட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் தீயணைப்புச் சான்றைக் கேட்டார்கள். இரண்டு மாடிப்படிகளையும் ஏறி இறங்கியதில் அடுத்த மே வந்துவிட்டது. எப்படியோ (எப்படி என்று கேட்காதீர்கள்) இரண்டும் கைக்கு வந்தபோது சுகாதாரச் சான்றுக்கு மிச்சம் 11 நாள். கோப்பைப் பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் வந்து, "இது காலாவதி, புதுசா வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். புதிது வாங்குவதற்குள் தீயணைப்புச் சான்று போய்விட்டது.

3. தீயணைக்க வைத்த மணல் வாளியில் பிள்ளைகள் தினமும் வீடு கட்டுகிறார்கள். சாயங்காலம் ஆயாம்மா அதைச் சலித்துத் திரும்ப நிரப்புகிறார், ஆய்வுக்கு யாராவது வருவார்களே என்று. யாரும் வரவில்லை. "உரிமமின்றி ஏன் நடத்துகிறீர்கள்?" என்று நோட்டீஸ்தான் வந்தது. தராதவர்களே ஏன் இல்லை என்று கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

4. நோட்டீஸ் வந்த வாரமே ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். மில் வேலைக்குப் போகும் ஒரு தாய், இரண்டரை வயதுக் குழந்தையை ஒன்பது வயது அக்காவிடம் விட்டுப் போகிறாள். அக்கா பள்ளிக்கூடம் போவதில்லை.

5. சீல்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள் அய்யா.

தயவுசெய்து நான்கு துறையினரையும் ஒரே நாளில் கூட்டாய்வுக்கு அனுப்புங்கள். மறுபடியும் கேட்கிறேன், ஒரே நாளில். என்றைக்கு வேண்டுமானாலும் வரட்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று மட்டும் வேண்டாம், பிள்ளைகள் தூங்கும் நேரம்.

இப்படிக்கு,
காப்பகப் பொறுப்பாளர்

இணைப்பு: சான்றுகளின் நகல்கள் 4 (இரண்டு காலாவதி, ஒன்று அடுத்த மாதம் ஆகிவிடும்)