பாலையாவின் கையை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் உரிமம் வைத்திருப்போருக்கும், அவற்றை டிஜிட்டலுக்கு மாற்றும் ஸ்டுடியோக்களுக்கும்

வணக்கம்.

டி.எஸ். பாலையா நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936-இல் ‘சதி லீலாவதி’, மறு ஆண்டே ‘அம்பிகாபதி’யில் வில்லன். பிறகு முப்பது ஆண்டுக்கும் மேல் வில்லன், அப்பா, வித்துவான், ஏமாளிப் பணக்காரர் என்று எத்தனையோ வேஷங்கள். 1972-இல் காலமானார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் ‘ராஜராஜ சோழன்’ வந்ததோ 1973-இல். அகலத்திரைக்கென்று எடுத்த தமிழ்ப் படம் எதிலும் அவர் நடித்திருக்க முடியாது.

அவர் காலத்துச் சட்டகம் அகலம் 1.37-க்கு உயரம் 1, இன்றைய டிவியைவிடச் சதுரத்துக்குக் கிட்ட. அதை இன்றைய டிவிக்காக 16:9 ஆக்கும்போது உயரத்தில் 23 சதவீதம் போய்விடுகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அவர் தவில்காரர் முத்துராக்கு. வலக்கை விரலில் கூடு, இடக்கையில் கழி. வாசிப்பெல்லாம் சட்டகத்தின் கீழ்ப்பாதியில்தான். அடியை வெட்டினால் தலையாட்டும் மனிதர் மட்டும் மிஞ்சுவார். வெட்டாமல் இழுத்து நிரப்புவது அதைவிட மோசம், எல்லோரும் பூசணிக்காய் ஆகிவிடுவார்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை விடுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அடுத்தது குரல். நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை 25-இல் ஓட்டிப் பதிந்த பழைய டிவி டேப்பையே இன்னும் பலர் மூலமாக எடுக்கிறார்கள். 150 நிமிடப் படம் 144-இல் முடியும். சுதி அரைக்கட்டையை நெருங்கி ஏறும். அந்தக் கனத்த குரல் யாரோ ஒருவர் குரலாகிவிடும். கூடவே இரைச்சல் நீக்கியை முழுக்கத் திருகுகிறீர்கள். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்ல, பாலையா கேட்கிறார். அவருக்கு அங்கே வசனமே கொஞ்சம். மூச்சும் முனகலும்தான் நடிப்பு. மென்பொருளுக்கு மூச்சும் பிலிம் இரைச்சலும் ஒன்றுதான், இரண்டையும் துடைத்துவிடும். ‘கர்’ரென்ற ஒலி கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதருக்கு வேறு ஆபத்து. ‘ஒரு நாள் போதுமா’வில் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, வாயும் கர்வமும் பாலையாவுடையவை. 35 மி.மீ. பிரிண்டில் ஒலி, தனக்குரிய படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும். அறுந்த இடத்தில் நாலு பிரேமை வெட்டி ஒட்டினால், அந்த இடத்துப் படம் போய்விடும், கூடவே போகும் ஒலியோ முக்கால் நொடிக்கு மேல் தள்ளி வரும் வாயசைவுக்கு உரியது. இன்னொரு பிரிண்டிலிருந்து படத்தை மட்டும் எடுத்து நிரப்பினால் அங்கிருந்து உதடு தப்பும். ஒலியைத் தனியாகப் பதிந்து, சுருள் சுருளாக உதட்டோடு பொருத்திப் பாருங்கள்.

ஈஸ்ட்மென் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். முகமெல்லாம் செம்பருத்தி நிறமாகிவிடும். வண்ணத்தைத் திருத்தும்போது முதலில் வேட்டி வெள்ளையா என்று பாருங்கள், பிறகு முகத்தையும் பாருங்கள்.

தயவுசெய்து தொடக்கத்தில் ஓடும் பெயர் அட்டைகளை வெட்டாதீர்கள். பாலையாவை எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் துணை நடிகர்கள் பலருடைய பெயர் அந்த அட்டையை விட்டால் வேறெங்கும் இல்லை.

இப்படிக்கு,
பழைய படங்களின் பிரிண்டோடு பழகுபவர்கள்